தீராத வயிற்றுவலி

தமிழ்நாட்டில் காலைப் பத்திரிகை படிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும். ஏதோ ஓர் ஊரின் பெயர், அவ்வூரில் வாழ்ந்த இருபது அல்லது இருபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தியின் பெயர், மணமாகி இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ ஆயிற்று என்ற குறிப்பு, அதன் பின்னே தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டவர் வாழ்க்கையில் வெறுப்புற்று விஷம் அருந்தினார் என்ற அந்த வாக்கியம், முடிவில் போலீஸார் வழக்குப் பதிந்து விசாரித்து வருகின்றனர் என்ற முத்தாய்ப்பு. நான்கு வரிக்குள் ஒரு ஜீவிதம் அடங்கிவிடுகிறது. இத்தனை யுவதிகளின் உயிரைக் குடிக்கத்தக்க இந்த வயிற்றுவலி எத்தன்மையது, அது குடலில் உண்டாவதா, கருப்பையில் உண்டாவதா, புக்ககம் சென்ற முதற் சில ஆண்டுகளில் அது ஏன் இவ்வளவு உக்கிரம் கொள்கிறது என்று வைத்திய சாஸ்திரம் எப்போதோ கேட்டிருக்க வேண்டும். நெடுங்காலம் அது கேட்கவில்லை. அந்த வலி பொய் என்று சொல்ல நான் வரவில்லை. வலி மெய்யானது, அதற்கு எழுதப்பட்ட விலாசம் தவறானது என்பதே என் அபிப்பிராயம். அந்த விலாசத்தைத் தேடிச் சென்ற ஆராய்ச்சிகளை ஒருங்கே வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் பல்லாண்டுகளாக ஒரு கணக்கு வைத்து வருகின்றனர். அங்கே ஒரு மரணம் நிகழ்ந்தால், போலீஸ் பதிவையோ பஞ்சாயத்துப் பதிவையோ மட்டும் நம்பியிராமல், சுகாதார ஊழியர்கள் அந்த வீட்டுத் திண்ணையிலும் அடுத்த வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து, இறந்தவர் கடைசி நாட்களில் எப்படி இருந்தார், என்ன சொன்னார், என்ன சாப்பிட்டார் என்று விசாரித்துக் காரணத்தை நிர்ணயிப்பார்கள். ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான ஜனத்தொகையில் 1992 முதல் 2001 வரை இவ்வாறு திரட்டிய செய்திகளிலிருந்து, பத்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ளவர்களின் மரணங்களை மட்டும் பிரித்தெடுத்து 2004-ஆம் ஆண்டு லான்செட் என்னும் மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டபோது உலகம் திடுக்கிட்டது. லட்சத்துக்கு 58 என்ற கணக்கில் இளைஞர்கள் தற்கொலையால் மாண்டிருக்க, பெண்கள் 148 என்ற கணக்கில் மாண்டிருந்தனர். அந்த வயதுப் பெண்களின் மொத்த மரணங்களில் பாதி முதல் முக்கால் பங்கு வரை இவ்வகையாகவே இருந்தது. தேச முழுமைக்கும் அரசாங்கம் அப்போது அச்சிட்டுவந்த தற்கொலை விகிதமோ லட்சத்துக்குப் பத்து பதினொன்று என்ற அளவில்தான் நின்றது. 2016-இல் உலகெங்கும் தற்கொலையால் இறந்த பெண்களில் நூற்றுக்கு 36 பேருக்கு மேல் இந்தியப் பெண்களே என்று பின்னொரு மதிப்பீடு கூறிற்று. இம்மரணங்கள் யாவற்றுக்கும் கொடுமையே காரணம் என்பது மிகையாகும். காதல், பரீட்சை, கடன், மனநோய் எல்லாம் இவற்றில் உண்டு. ஆயினும் திண்ணையில் கேட்டறிந்த மரணத்துக்கும் பதிவேட்டில் எழுதப்பட்ட மரணத்துக்கும் இடையே இருக்கும் தூரம், நாம் எதைக் கேட்காமல் விட்டோம் என்பதற்கு ஓர் அளவுகோலாகிறது.

கேட்காமல் விடுவது நமக்கு மட்டும் உரிய குணமும் அன்று. பாரிஸ் நகரத்து மருத்துவர் தார்தியூ 1857-ஆம் ஆண்டிலேயே சிறுமியர் மேல் நிகழ்ந்த பலாத்காரங்களைப் பிணப் பரிசோதனை அனுபவத்தோடு நூலாக எழுதினார். சகாக்கள் அதைச் சிலாகித்துவிட்டு மறந்தனர். வியன்னாவில் சிக்மண்ட் ஃப்ராய்ட் 1896-இல், பெண்களின் ஹிஸ்டீரியா என்று அழைக்கப்பட்ட நோய்க்கு அடியில் குழந்தைப் பருவத்தில் நேர்ந்த மானபங்கம் இருக்கிறது என்று மருத்துவர் சபையில் படித்தார். மறு வருஷமே அந்தக் கொள்கையை அவரே கைவிட்டார். அவர் கைவிட்டதன் காரணத்தைப் பற்றிப் புத்தகங்கள் குவிந்திருக்கின்றன. அந்த வாதத்துக்குள் நாம் புக வேண்டியதில்லை. நம் தேசத்தில் 1890-இல் கல்கத்தாவில் பூல்மணி என்னும் பத்துப் பதினோரு வயதுச் சிறுமி, முப்பத்தைந்து வயதுக் கணவனின் செய்கையால் இரத்தப் பெருக்கு ஏற்பட்டு இறந்தாள். சம்மத வயது அன்று பத்து என்றிருந்தபடியால் அது பலாத்காரம் ஆகவில்லை. அவனுக்கு ஓராண்டுக் கடுங்காவலே கிடைத்தது. அந்த மரணத்தின் விளைவாக 1891-இல் சம்மத வயது பன்னிரண்டாக உயர்ந்தபோது, சாஸ்திரம் கெட்டது என்று கூக்குரலிட்டவர்கள் ஏராளம். சட்டம் அந்தச் சிறுமியின் வயதைப் பார்த்தது. அவள் சரீரத்தைப் பார்க்க இன்னும் பல தலைமுறை தேவைப்பட்டது. சென்னைச் சட்டசபையில் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியபோது, அவருடைய வாதத்தின் வலிமையில் ஒரு பகுதி அவர் வைத்தியர் என்பதால் வந்தது. பொட்டுக் கட்டப்பட்ட சிறுமியர்க்கு நேரும் நோய்களை அவர் நேரில் அறிந்தவர். போக்கிடமற்ற பெண்களுக்காக 1930-இல் அவர் நிறுவிய அவ்வை இல்லம் அடையாற்றில் இன்றும் நிற்கிறது.

இனிக் கொடுமையின் பரப்பைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையில் கணவனோடோ துணைவனோடோ வாழ்ந்த பெண்களில் நூற்றுக்கு 27 பேர் அவன் கையால் அடியோ பலாத்காரமோ அனுபவித்தவர்கள். பதினைந்து முதல் பத்தொன்பது வரையுள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட அது 24 ஆகிறது. அதாவது நாலில் ஒரு பங்கினருக்கு, வாழ்க்கை தொடங்கிய மாத்திரத்தில் அடியும் தொடங்கிவிடுகிறது. இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில் மணமான பெண்களில் நூற்றுக்கு 29 பேர் கணவனின் வன்முறையைச் சொன்னார்கள். கல்வியிலும் மருத்துவ வசதியிலும் முன்னிற்பதாக நாம் பெருமை கொள்ளும் தமிழ்நாட்டிலோ அந்த எண் 38. இங்கே பெண்கள் துணிந்து சொல்கிறார்கள், பிற மாநிலங்களில் சொல்வதில்லை என்று ஒரு சமாதானம் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால் அது சமாதானமே, மறுப்பு ஆகாது. அதே ஆய்வில், தேச முழுமையிலும் கொடுமைக்கு ஆளானவர்களுள் யாரிடமேனும் உதவி நாடியவர்கள் நூற்றுக்கு 14 பேர். ஒருவரிடமும் வாய் திறவாதவர்கள் 77 பேர்.

வாய் திறவாதவர்களின் சரீரம் என்ன செய்கிறது? தெருவில் ஒரு நாய் துரத்தினால் நெஞ்சு படபடக்கிறது, நாக்கு வறள்கிறது, குடலின் அசைவு மாறுகிறது, சிறுநீரகங்களின் மேல் குல்லாய்போல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் இரத்தத்தில் கலக்கின்றன. நாய் போய்விட்டால் சற்று நேரத்தில் யாவும் சமனாகிவிடும். நாய் வீட்டுக்குள்ளேயே வசித்தால்? வாசற்படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்தச் சுரப்பிகள் வேலை செய்யத் தொடங்கி, ஓய்வென்பதே அவற்றுக்கு இல்லாமற்போனால், தூக்கம் கெடுகிறது. மாதவிடாய் முறை தவறுகிறது. நோயை எதிர்க்கும் சக்தி குன்றுகிறது. வலியை உணரும் நரம்புகள் சிறு தூண்டுதலுக்கும் பெரிதாக அலறக் கற்றுக்கொள்கின்றன. இது இளம் வயதில் நேர்ந்தால் அதன் சுவடு எத்தனை காலம் நிற்கும் என்பதை, அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை விசாரித்த ஃபெலிட்டி, அண்டா என்னும் இருவர் 1998-இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டிற்று. பால்யத்தில் நான்கோ அதற்கு மேலோ வகைத் துன்பங்களை அனுபவித்தவர்களுக்கு, அவற்றை அறியாதவர்களைக் காட்டிலும் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு வரை அதிகமாயிருந்தன.

வயிற்றுக்கே வருவோம். வட கரோலினாவில் குடல் நோய் மருத்துவம் பார்க்கும் டிராஸ்மன் என்பவரும் தோழர்களும், தம் சிகிச்சைக்கூடத்துக்கு வந்த 206 பெண்களிடம் அந்தரங்கமாக விசாரித்து 1990-இல் எழுதினார்கள். அவர்களுள் நூற்றுக்கு 44 பேர் எப்போதோ அடியோ பாலியல் கொடுமையோ அனுபவித்திருந்தனர்; காரணம் அகப்படாத வயிற்றுக் கோளாறு உடையவர்களிடம் அது மேலும் மிகுந்திருந்தது. கொடுமைக்கு ஆளானவர்களில் தம் மருத்துவரிடம் அதைச் சொல்லியிருந்தவர்கள் நூற்றுக்கு 17 பேரே. நம் பக்கத்தில் இதற்கு இணையான ஆராய்ச்சி கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர் செய்தது. வெள்ளைப்படுதல் என்று சொல்லிக்கொண்டு வரும் பெண்களைக் கிருமித் தொற்றுக்கு மருந்து கொடுத்து அனுப்புவதே வழக்கமாயிருக்க, கிராமத்துப் பெண்களைச் சோதித்துப் பார்த்த அவர்கள், அந்த முறையீட்டுக்கும் கிருமிக்கும் உள்ள தொடர்பைக் காட்டிலும் அதற்கும் மனக் கிலேசத்துக்கும் உள்ள தொடர்பே வலியது என்று கண்டனர். தாதுப் போய்விட்டது, உடம்பெல்லாம் குடைச்சல், தலை கிறுகிறுப்பு, கை கால் அசதி என்று நம் பெண்கள் புறநோயாளிப் பிரிவில் சொல்லும் சொற்கள் வைத்தியருக்கு அலுத்துப்போன சொற்கள்; பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் ஓர் ஊசியும் அவற்றுக்குரிய பதில். வீட்டில் என்னை அடிக்கிறார்கள் என்று சொல்வதற்கு உரிமையற்றவள், உடம்பு சரியில்லை என்று சொல்வதற்கு மட்டும் உரிமை பெற்றிருக்கிறாள். அந்த ஓர் உரிமையைக் கொண்டு அவள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்கிறாள்.

நாட்டுப்புறத்தில் இதற்கு இன்னொரு வழியும் இருந்துவந்திருக்கிறது. தென்னார்க்காட்டில் பேயோட்டும் சடங்குகளை ஆராய்ந்த இஸபெல் நபகோவ் என்னும் மானிடவியலார், பேய் பிடித்ததாகக் கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பாலோர் புதிதாக மணமாகி, புக்ககத்தில் இருப்புக் கொள்ளாமல், கணவனை அண்டவிடாதிருந்த இளம்பெண்கள் என்று குறித்திருக்கிறார். மேல்மலையனூர் அங்காளம்மன் சந்நிதியில், பம்பைக்காரர்கள் உடுக்கும் பம்பையும் முழங்க, தலைவிரி கோலமாக ஆடும் பெண்ணின் வாயிலிருந்து, எப்போதோ அகால மரணமடைந்த ஓர் ஆடவனின் பேய் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு பேசும். பேய்க்குக் கோபம் வரலாம், மருமகளுக்கு வரலாகாது. முடிவில் அவள் உச்சி மயிரைப் பிடுங்கி மரத்தில் ஆணியடித்துப் பேயை இறக்கி, அவளைக் கணவனோடு அனுப்பிவைப்பார்கள். இதனால் சிலருக்குச் சற்று நிம்மதி கிட்டியிருக்கலாம் என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் எந்த வீட்டிலிருந்து நோய் வந்ததோ அந்த வீட்டுக்கே அவள் திரும்புகிறாள் என்பதில், கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பேதம் அதிகமில்லை.

இரத்தசோகையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது உண்டு. கர்ப்பிணிக்கு ஒவ்வொரு முறையும் ஹீமோகுளோபின் பார்த்து அட்டையில் எழுதுகிறார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், அடுத்த மாதமும் எண் ஒன்பதிலேயே நிற்கிறது. மாத்திரையை விழுங்கவில்லை என்று அவளைக் கடிந்துகொள்வது வழக்கம். தேசியக் குடும்ப நல ஆய்வின் 1998-99 விவரங்களைக் கொண்டு ஆக்கர்சனும் சுப்பிரமணியனும் 2008-இல் எழுதிய கட்டுரையில், அண்மையில் பன்முறை அடிபட்ட பெண்களுக்கு இரத்தசோகையும் எடைக் குறைவும் கூடுதலாக இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். அடிக்கிற கை சோற்றையும் அளந்து போடுகிறது. அஞ்சி அஞ்சி உண்ட சோறு உடம்பில் ஒட்டுவதுமில்லை. கர்ப்ப காலத்துக் கொடுமையால் குறைப்பிரசவமும் எடை குறைந்த சிசுவும் அதிகம் என்பதைப் பல தேசத்து ஆராய்ச்சிகள் ஒருமுகமாகச் சொல்கின்றன. வீடுதோறும் செல்லும் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவருக்குத்தான் அடுப்பங்கரை வரை போகும் சுதந்தரம் உண்டு. அவர் கையில் இருக்கும் நோட்டில் தடுப்பூசிக்குக் கட்டம் இருக்கிறது, கொடுமைக்குக் கட்டம் இல்லை.

எய்ட்ஸ் நோயின் கதையும் இதில் ஓர் அத்தியாயம். 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் இந்தியாவில் முதன்முதலாக அந்நோய்க் கிருமி கண்டறியப்பட்டபோது, அது காப்பிடத்தில் அடைக்கப்பட்டிருந்த ஆறு பெண்களின் இரத்தத்தில் இருந்தது. பாலியல் தொழிலில் இருந்த அவர்களை, நோயைக் கொணர்ந்தவர்களாகத் தேசம் பார்த்ததே அன்றி, நோய்க்கு ஆளாக்கப்பட்டவர்களாகப் பார்க்கவில்லை. பின்னர் 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, கணவனிடம் அடியும் பலாத்காரமும் சேர்ந்து அனுபவித்த இந்தியப் பெண்களில் ஆயிரத்துக்கு ஏழு பேருக்கு மேல் அக்கிருமி இருப்பதையும், கொடுமை அறியாதவர்களில் அது ஆயிரத்துக்கு இரண்டளவே இருப்பதையும் காட்டிற்று. தாலி ஒரு கவசம் என்று நம்பியிருந்த மனைவிமாருக்குக் கவசமாக எதுவும் இருக்கவில்லை.

தீக்காயத்தைப் பற்றி எழுதாமல் இந்த விஷயத்தைக் கடக்க முடியாது. 2001-ஆம் ஆண்டு மட்டும் இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் 1,63,000 பேர், அவர்களுள் 1,06,000 பேர் பெண்கள், அவர்களிலும் பெரும்பாலோர் பதினைந்து முதல் முப்பத்துநான்கு வயதுக்குட்பட்டவர்கள் என்று 2009-இல் லான்செட்டில் வந்த மதிப்பீடு கூறிற்று; போலீஸ் கணக்கோ இதில் ஆறிலொரு பங்கு. அடுப்பு எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. சமைக்கிற மாமியாரையும் நாத்தனாரையும் விட்டுவிட்டு, அது மருமகளைப் பார்த்து வெடிக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவை அறிந்தவர்களுக்கு அங்கே மாஜிஸ்டிரேட் வந்து வாக்குமூலம் வாங்கும் காட்சியும் தெரிந்திருக்கும். கட்டிலருகில் நிற்கும் கணவன் வீட்டார், ஊரில் விட்டுவந்த குழந்தையின் பெயரைத் தாழ்ந்த குரலில் சொன்னால் போதும். ஸ்டவ் வெடித்தது என்று அவள் சொல்லிவிடுவாள். பிழைத்தவர்களின் கதை பத்திரிகையில் வருவதில்லை. ஆறிய தோல் சுருங்கி இழுத்து, முகவாய் மார்போடு ஒட்டி, அக்குள் திறக்காமல், தலை சீவக் கை உயராமல், வாய் முழுதும் மூடாமல் எச்சில் வழிய, மாதக்கணக்கில் இறுக்கமான சட்டை அணிந்தும் பயிற்சி செய்தும், பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின்னரே ஒரு குடத்தைத் தூக்கும் நிலைக்கு அவர்கள் வர முடியும். சென்னையில் பி.சி.வி.சி. என்னும் தொண்டு நிறுவனம் இத்தகைய பெண்களோடு பல்லாண்டுகளாக உழைத்து வருகிறது.

கொடுமைக்கு வீடு மட்டும் களமன்று. கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் சிலவற்றில் சுமங்கலித் திட்டம் என்ற மங்கலமான பெயரில், தென் மாவட்டத்து ஏழைப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் விடுதியில் வைத்து வேலை வாங்கி, கல்யாணச் செலவுக்கென்று முடிவில் ஒரு தொகை தருவதாகச் சொல்லிவந்ததை அறிவோம். பஞ்சுத் தூசியும் இரவு ஷிப்டும் ஒருபுறம். மேஸ்திரியின் வாய்ச்சொல்லும் கைநீளமும் மறுபுறம். ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலி என்று சொன்ன பெண்களுக்கு விடுப்புத் தராமல் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகளைக் கொடுத்து இயந்திரத்துக்குத் திருப்பியதை, நூறு பெண்களிடம் பேசி 2019-இல் ஒரு செய்தி நிறுவனம் வெளிப்படுத்திற்று. இங்கேயும் வயிற்றுவலிதான், இங்கேயும் மாத்திரைதான். 2022-இல் தொழிற்சங்கத்தார் பெற்ற திண்டுக்கல் ஒப்பந்தம், முறையீட்டைக் கேட்க ஆலைக்குள்ளேயே ஓர் ஏற்பாட்டை உண்டாக்கியது. அது நல்ல தொடக்கம். இதனினும் கொடியது வாச்சாத்திக் கிராமத்தில் நிகழ்ந்தது. அங்கே 1992 ஜூன் 20 அன்று அரசு ஊழியர்களாலேயே பலாத்காரம் செய்யப்பட்ட பதினெட்டு மலைவாழ் பெண்களுக்கு, விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு 2011-இலும் உயர்நீதிமன்ற உறுதிப்பாடு 2023-இலும் கிடைத்தன. நீதி முப்பத்தொரு வருஷம் காத்திருக்கலாம். அந்த முப்பத்தொரு வருஷத்து இரவுகளில் அவர்கள் எப்படித் தூங்கினார்கள் என்பதற்கு மருத்துவ ஏடு ஒன்றும் கிடையாது.

நியாயமான ஓர் ஆட்சேபம் உண்டு. வறுமை, கல்வியின்மை, கணவனின் குடி ஆகியவை கொடுமையையும் நோயையும் ஒருங்கே உண்டாக்கலாமே, ஒன்று மற்றொன்றுக்குக் காரணமென்று எப்படிச் சொல்வது? பெண்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2013-இல் வெளியான ஒரு மதிப்புரை இதற்கு ஓரளவு விடை தருகிறது: கொடுமைக்குப் பின் மனச்சோர்வு வருகிறது, மனச்சோர்வுற்றவள் கொடுமைக்கு எளிதில் ஆளாகவும் செய்கிறாள். ஊற்று ஒன்றாக இல்லாமல் சுழலாக இருக்கிறது என்பதனால் அதில் மூழ்குகிறவளுக்கு நீர் குறைந்துவிடுவதில்லை.

பரிகாரத்தின் பக்கம் நம்மிடம் சட்டங்களுக்குக் குறைவில்லை. மகளிர் காவல் நிலையத்தைத் தமிழ்நாடு 1992-இலேயே தொடங்கிற்று. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. பலாத்காரத்துக்கு ஆளானவர்களுக்கு எந்த மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டுமென்பது 2013 முதல் கட்டாயம். இரு விரற்சோதனை என்ற அநாகரிகத்தை 2013-இலும் மறுபடி 2022-இலும் உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. மருத்துவமனைக்குள்ளேயே ஆலோசனைப் பிரிவு வைக்கும் முயற்சி, பம்பாய் பாந்திராவின் பாபா மருத்துவமனையில் திலாசா என்ற பெயரில் 2000-ஆம் ஆண்டளவில் தோன்றிப் பரவியது. எல்லாப் பெண்களிடமும் ஒரு வினாத்தாளை நீட்டிவிட்டால் போதுமென்று சிலர் எண்ணினார்கள். கனடாவில் அவ்வாறு செய்து பார்த்தபோது கொடுமை குறையவில்லை. ஆகவே உலக சுகாதார நிறுவனம், தனிமையும் அவகாசமும் உள்ளவிடத்து, ஐயம் தோன்றும்போது, கேட்கத் தெரிந்தவர் கேட்க வேண்டும் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. தனிமையும் அவகாசமும் நம் அரசு மருத்துவமனைகளில் எங்கே இருக்கின்றன என்று கேட்டால், அதற்கு எனக்குத் தெரிந்த ஒரு பெண் மருத்துவர் சொன்னதையே எழுத முடியும்.

தாலுகா மருத்துவமனை ஒன்றில் அவர் பணியாற்றுகிறார். பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி மூன்றாம் முறையாக வந்து நின்றாள். முந்தைய இரண்டு ஓ.பி. சீட்டிலும் வயிற்றுவலி என்றே எழுதியிருந்தது.

"என்னம்மா பண்ணுது?"

"வயித்து வலிங்க டாக்டரம்மா, சோறே எறங்கறதில்ல" என்றாள் கூட வந்த மாமியார்.

"எப்ப வலிக்குது?"

"எப்பவும்தாங்க" என்றாள் அதற்கும் மாமியாரே.

இரத்தப் பரிசோதனைச் சீட்டில் முத்திரை வாங்கி வரும்படி மருத்துவர் மாமியாரை அனுப்பினார். அந்த வரிசை எப்போதும் நீளம். கதவு சாத்தியதும் பெண் தலை நிமிராமலே சொன்னாள்:

"சாயங்காலம் ஆறு மணிக்கு மேலங்க."

"ஆறு மணிக்கு என்னம்மா?"

"அவரு வர்ற நேரம்."

அதற்கு மேல் அன்று அவள் எதுவும் சொல்லவில்லை. வழக்கமான மாத்திரையே எழுதப்பட்டது; 181 என்ற உதவி எண்ணைச் சீட்டில் எழுதாமல், இரண்டு தரம் அவள் வாயால் சொல்லவைத்தார், சீட்டை வீட்டில் பார்ப்பார்கள் என்பதனால். வியாழக்கிழமை வரச்சொன்னார். வியாழக்கிழமை அவள் வந்தாள். மாமியாரும் கூடவே வந்தாள். ஸ்கேன் அறைக்குள் நோயாளியைத் தவிர வேறு எவரையும் அனுமதிப்பதில்லை என்று ஒரு விதியை அந்த மருத்துவர் அன்று காலைதான் ஏற்படுத்தியிருந்தார்.